“எல்லோரும் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள்”: மண்டபம் நண்டுக் கூடத்திலிருந்து ஒரு கேள்வி

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பகுதியில் நண்டு அவித்துச் சதை எடுக்கும் கூடம் ஒன்றை நடத்தும் வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கூடத்தைத் தொடங்கியவர் அவருடைய கணவர். அவருக்குப் பக்கவாதம் வந்தபின் ஆறு ஆண்டுகளாக இவர்தான் பார்த்துக்கொள்கிறார். நாட்டுப்படகுக்காரர்கள் நண்டு வலையில் பிடித்துவரும் நீலக்கால் நண்டை மூன்று கரை வியாபாரிகள் வழியாக வாங்குகிறார். அவித்து, ஆறவைத்து, 24 பெண்கள் சதை எடுக்கிறார்கள். ஐஸ் போட்டு இரவே வண்டியில் வெளியூர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு அனுப்புகிறார். சரக்கு முழுவதும் அந்த ஒரே நிறுவனத்துக்குத்தான்.

அந்த நிறுவனம் 19 பக்க ஆங்கிலத் தாள் ஒன்றை அனுப்பியிருக்கிறது. சப்ளையர் நடத்தை நெறி என்று பெயர். கடைசி இரண்டு பக்கம் உறுதிமொழி. குழந்தைத் தொழிலாளர் இல்லை, கட்டாய உழைப்பு இல்லை, குறைந்தபட்ச ஊதியம் தருகிறோம், யாருக்கும் லஞ்சம் தரவில்லை, பிடிப்பு முழுவதும் சட்டப்படியானது, எங்களுக்குச் சரக்கு தருபவர்களும் அப்படியே என்று அவர் கையெழுத்திட வேண்டும். மீறினால் நிறுவனத்துக்கு ஏற்படும் எல்லா நஷ்டத்தையும் வரம்பில்லாமல் ஈடுகட்ட வேண்டும். தணிக்கைச் செலவு அவருடையது. மீறினால் ஒப்பந்தம் உடனே ரத்தாகும், பாக்கிப் பணம் நிறுத்திவைக்கப்படும், வழக்கு என்றால் மும்பையில் நடுவர் தீர்ப்பு. பத்து நாள் கெடு.

நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி தொலைபேசியில் சொன்னதையும் எழுதியிருக்கிறார். “அக்கா, இதெல்லாம் ஃபார்மாலிட்டி. எல்லோரும் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள். ஆடிட் வரும் தேதியை நான் முன்கூட்டியே சொல்கிறேன். அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டருக்கு ஒரு இருபத்தைந்தாயிரம் ஏற்பாடு செய்துவிட்டால் போதும்.”

வாசகி தன் பக்க நிலவரத்தை மறைக்கவில்லை. பெண்கள் ஒரு மேஸ்திரி அக்கா மூலம் வருபவர்கள், கிலோக் கணக்கில் கூலி. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வரும் சிறுமிகளில் ஒருத்திக்கு வயது 13. பதினோரு படகுக்காரர்களுக்கு முப்பதாயிரம் முதல் எண்பதாயிரம் வரை முன்பணம் கொடுத்திருக்கிறார். பணம் தீரும்வரை நண்டு இவருக்குத்தான், கரை விலையில் கிலோவுக்கு 40 ரூபாய் குறைவாக. கரை வியாபாரிகளில் ஒருவர், பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டையும் கைமாற்றுகிறார் என்று ஊரில் பேச்சு. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் இவருடைய வண்டியை அவர் இருமுறை இரவல் வாங்கிப் போயிருக்கிறார். ஒரு துறை அலுவலருக்கு மாதாமாதம் மாமூல் போகிறது. நிறுவனமோ சரக்குப் பணத்தை 80, 90 நாள் கழித்தே தருகிறது.

“கையெழுத்துப் போட்டால் ஜெயிலா? போடாவிட்டால் 24 பேர் வேலை போகும். என் பெயரில் வேண்டாம் என்று கணவர் பெயரில் போடலாமா?” என்று கேட்டு முடிக்கிறார்.

சகோதரிக்கு,

முதலில் நீங்கள் செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு பக்க உறுதிமொழியில், அது இப்போது இருக்கிற வாசகத்தில், இப்போதைய நிலவரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக “முடியாது” என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. அதிகாரி உங்களுக்கு அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஃபார்மாலிட்டி என்று அவர் சொன்னது தவறு. அந்தத் தாள் ஏன் வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கும். நம் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்டபின், ஒரு நிறுவனத்துக்காகச் செயல்படுபவர் அந்த நிறுவனத்துக்கு ஆதாயம் தேடி லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளி ஆகிறது. தடுக்கப் போதிய ஏற்பாடு செய்திருந்தோம் என்று காட்டினால்தான் அது தப்பும். அடுத்தது வெளிநாட்டுச் சந்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கடலில் பிடித்த மீனுக்கு, அது சட்டப்படி பிடித்தது என்று காட்டும் பிடிப்புச் சான்று கேட்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக்கு என்ன நடந்தது என்று உங்கள் கரையில் பலருக்கு நினைவிருக்கும்: சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015-ன் தொடக்கத்தில் அவர்களுடைய மீனுக்கு ஐரோப்பா கதவைச் சாத்தியது, 2016-ல்தான் திறந்தது. கட்டாய உழைப்பில் உருவான சரக்கை அமெரிக்கா தன் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கீழேயே துறைமுகத்தில் நிறுத்தலாம். ஐரோப்பாவில் அதே நோக்கமுள்ள சட்டம் 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது. 2024-ல் ஆந்திரக் கடற்கரையின் இறால் உரிக்கும் கூடங்களில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தபின், பெரிய ஆலையைத் தாண்டி அதற்குப் பின்னால் இருக்கும் சின்னக் கூடம் வரை வாங்குபவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் கூடம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

ஆக, நாளை ஏதாவது பிரச்சினை வந்தால் நிறுவனம் எடுத்துக் காட்டப்போகும் முதல் தாள் உங்கள் கையெழுத்து உள்ள தாள். “எங்களிடம் இப்படி எழுதிக் கொடுத்தார், நம்பினோம்” என்பார்கள். அந்த அதிகாரி அன்றைக்கு உங்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார். சரக்கு வாங்குவதற்காகத் தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்தீர்கள் என்றால் ஒப்பந்தச் சட்டத்தில் அது மோசடி. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் ஏமாற்றுக் குற்றமாகவும் புகார் கொடுக்க முடியும். கூடத்தில் உள்ள குறைகள் பெரும்பாலும் திருத்திக்கொள்ளக் கூடியவை. பொய்யான உறுதிமொழியைப் பிறகு திருத்த முடியாது. உங்கள் பயத்தை நீங்கள் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

“அவர்கள் மேஸ்திரியின் ஆட்கள்”

உங்கள் கடிதத்தில் இந்த வரி மூன்று இடத்தில் வருகிறது. சட்டம் இதை ஏற்காது. உங்கள் கூடத்தில், உங்கள் நண்டில், உங்கள் வேலைக்காக உட்காரும் பெண்களுக்கு மேஸ்திரி கூலி கொடுக்கத் தவறினால் நீங்கள் கொடுக்க வேண்டும். இது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.க்கு 20 பேர் என்பது அளவு. அந்தத் தலைக்கணக்கில் ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களும் சேர்வார்கள். 24 பேரை வைத்துக்கொண்டு “எனக்குப் பொருந்தாது” என்று சொல்ல முடியாது. ஆடிட் நாளில் பன்னிரண்டு பேரை மட்டும் வையுங்கள் என்று அதிகாரி சொன்னதற்கும் இதுதான் காரணம். அவருக்குச் சட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கிலோக் கூலி கொடுப்பது தவறில்லை. ஆனால் நாள் முடிவில் ஒரு பெண்ணின் கையில் வருவது அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது. காற்று மாறி, படகு தாமதமாக வந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு வந்த பெண்கள் எட்டு மணி வரை சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்கள் உங்கள் தொழிலில் சகஜம். அந்தக் காத்திருப்பும் வேலை நேரம்தான். குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே வாங்கும் உழைப்பு அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்லும் கட்டாய உழைப்பு என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. ஆகவே ‘கட்டாய உழைப்பு இல்லை’ என்ற வரியில் கையெழுத்திடும் முன் உங்கள் கூலிக் கணக்கைப் பார்க்க வேண்டும். யாரையும் கட்டிப்போடவில்லையே என்பது போதாது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்குழு வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எல்லோருமே பெண்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள். வண்டி ஓட்டுநர், கரை வியாபாரி, ஐஸ்காரர், நிறுவனத்தின் ஆள் எல்லோரும் அந்தக் கூடத்துக்கு வந்து போகிறவர்கள்.

13 வயதுச் சிறுமியைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. நாளையிலிருந்து அவள் கத்தியும் நண்டும் தொடக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற விலக்கு அவளுடைய சொந்தக் குடும்பத் தொழிலுக்கு மட்டுமே. உங்கள் கூடம் அவள் அம்மாவுக்கு வேலைத்தலம், குடும்பத் தொழில் அல்ல. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளை அபாயமான வேலையில் வைக்கக் கூடாது, எந்த வேலையானாலும் மாலை 7 முதல் காலை 8 வரை கூடாது. உங்கள் கூடம் சுறுசுறுப்பாக இருப்பதே அந்த நேரத்தில்தான் என்பதால் 18-க்குக் கீழே யாருமே வேண்டாம் என்பதே என் யோசனை. விடுமுறையில் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு வர முடியாத தாய்மார்களுக்குக் கூடத்தை ஒட்டி ஓர் அறை ஒதுக்கிக் கொடுங்கள். சதை எடுக்கும் இடத்துக்குள் அவர்கள் வராமல் இருக்கட்டும்.

முன்பணம்

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலையே படாமல் எழுதியிருப்பது இதைத்தான். எனக்கோ இதுதான் பெரிய கவலை. “கடற்கரையில் காலங்காலமாக உள்ள வழக்கம்” என்கிறீர்கள். வழக்கம்தான். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை முன்பணம் இல்லாமல் வலை வாங்கிய படகுக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முன்பணம் கொடுப்பது குற்றமும் அல்ல.

ஆனால் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். கடன் வாங்கியவர் உழைப்பைக் கொடுப்பது மட்டும் அதில் இல்லை. முன்பணத்துக்கு ஈடாக, தன் உழைப்பில் வந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை ஒருவர் விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டால் அதையும் அந்தச் சட்டம் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. ‘நண்டு எனக்குத்தான், கரை விலையில் 40 ரூபாய் குறைத்துத்தான்’ என்ற உங்கள் ஏற்பாடு அந்த வரையறைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு படகு நாளுக்கு 8 கிலோ கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 40 என்றால் 320 ரூபாய். மாதம் 25 நாள் கடலுக்குப் போனால் 8,000. ஐம்பதாயிரம் முன்பணம் வாங்கியவர் ஆறரை மாதத்தில் 52,000 ரூபாயை விலையிலேயே விட்டுக்கொடுத்துவிட்டார். அசல் அப்படியே நிற்கிறது. “யாரும் தீர்த்ததே இல்லை” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீராதபடிதான் அது அமைந்திருக்கிறது, சகோதரி. உங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நிறுவனம் உங்களுக்கு 90 நாள் கழித்துப் பணம் தருவதால் உண்டாகும் ஓட்டையை நீங்கள் அந்த 40 ரூபாயில் அடைக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆனால் மாவட்ட நிர்வாகம் விசாரித்து இது கொத்தடிமைக் கடன் என்று முடிவு செய்தால் கடனே ஒழிந்துபோகும், ஒரு ரூபாய் கேட்க முடியாது. மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

எல்லா முன்பணமும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் அதன் சூழ்நிலையைப் பொறுத்தது. ஆனால் உங்களுடையதைப் பாதுகாப்பான பக்கத்துக்குக் கொண்டுவருவது கடினமல்ல. பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு கணக்குச் சீட்டு, தமிழில் எழுதுங்கள். நண்டுக்கு அன்றைய கரை விலையை முழுதாகப் போடுங்கள். அதிலிருந்து ஒத்துக்கொண்ட ஒரு தொகையை, உதாரணமாகக் கிலோவுக்கு 20 ரூபாயை, அசலில் கழியுங்கள். வேறு வியாபாரிக்குக் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம், கடனைத் தவணையில் கட்டலாம் என்று சீட்டிலேயே எழுதுங்கள். வட்டி போடாதீர்கள், போட்டால் வட்டித்தொழில் உரிமம் என்ற தனித் தொல்லை வரும். இதுவரை விலையில் விட்டுக்கொடுத்தது அசலுக்கு மேல் போயிருந்தால் அந்தக் கணக்கை முடித்துவிடுங்கள். கை கடிக்கும். ஆனாலும் செய்யுங்கள்.

கரை வியாபாரியும் வண்டியும்

‘எங்களுக்குச் சரக்கு தருபவர்களும் அப்படியே’ என்ற வரிக்கு இப்போது வருவோம். மூன்று பேரில் ஒருவரை உடனே நிறுத்துங்கள். கடல் அட்டை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே இடம். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, அதோடு அபராதம். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டி அரசுடைமையாகலாம். யார் வசம் இருந்ததோ அவர்தான் சட்டப்படி வைத்திருந்தேன் என்று நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பேச்சு உண்மையா பொய்யா என்று நீங்கள் துப்பறிய வேண்டாம். ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்கும் வண்டியை இரவல் கொடுப்பதை இன்றே நிறுத்துவது போதும். ஓட்டுநரிடம் பயணப் பதிவேடு எழுதச் சொல்லுங்கள்.

மற்ற இருவரிடம், எந்தப் படகு, எந்தத் தேதி, எந்தப் பக்கம், எத்தனை கிலோ என்று தினமும் எழுதி வாங்குங்கள். ஒருவர் எல்லாச் சரக்குக்கும் ஒரே படகின் பதிவெண்ணைத் தருகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் ஒரு விசைப்படகினுடையதாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். மே மாதத்து இன்வாய்ஸில் விசைப்படகு எண் இருந்தால் ஆடிட்டர் கூடத்துக்கு வரவே வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். உங்கள் நண்டு உண்மையில் நாட்டுப்படகு நண்டு. சட்டப்படியான சரக்கைச் சோம்பேறித்தனமான எழுத்தால் கள்ளச் சரக்கைப்போல் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் பிடிப்பவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டி வலை போடவில்லை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும்.

மாமூலும் ‘ஏற்பாடும்’

இரண்டையும் நீங்கள் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் இரண்டும் வேறு. அரசு அலுவலருக்குப் பணம் கொடுப்பது 2018 திருத்தத்துக்குப்பின் கொடுத்தவருக்கும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டிருந்தால், கொடுத்த ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. அடுத்த முறை கேட்டால், கொடுப்பதற்கு முன்பே ராமநாதபுரம் லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்குப் போவது இன்னும் நல்லது.

ஆடிட்டர் அரசு ஊழியர் அல்ல, எனவே அந்தச் சட்டம் வராது. அதனால் அது சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். நிறுவனத்தை ஏமாற்ற நிறுவனத்தின் ஆளே உங்களைக் கூட்டுச் சேர்க்கிறார். வெளிவந்தால் அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவார், நீங்கள் கறுப்புப் பட்டியலில் இருப்பீர்கள். பணம் கொடுக்காதீர்கள். அவரிடம் சண்டையும் போடாதீர்கள். “ஆடிட் எப்போது வந்தாலும் வரட்டும், முழு ஆட்களும் இருப்பார்கள்” என்று ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பிவிடுங்கள். உங்கள் தரப்பில் அது பதிவாக இருக்கும். அந்த 19 பக்கத்தில் நெறிமுறைப் புகாருக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனிச் சட்டம் கட்டாயமாக்கும் புகார் ஏற்பாடு இயக்குநர்களுக்கும் ஊழியர்களுக்கும்தான். சப்ளையருக்கும் திறந்துவைப்பது நிறுவனத்தின் விருப்பம். திறந்திருந்தால் பயன்படுத்துவதா என்பதை, கீழே சொல்லும் வேலைகள் முடிந்தபின் முடிவு செய்யலாம். நம் வீட்டைக் கூட்டாமல் அடுத்த வீட்டுக் குப்பையைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர்கள் உங்களுக்குத் தர வேண்டியது

“பெரிய கம்பெனி, அவர்கள் வைத்ததுதான் சட்டம்” என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை வைத்திருக்க முடியாது, ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதாமாதம் சேர்த்து. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் பதிந்தால், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். மும்பை நடுவர் என்ற நிபந்தனை அதைத் தடுக்காது. இந்தச் சட்டமே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வங்கிக் கடனுக்காக எடுத்த, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு உங்களிடம் இருக்கிறது என்கிறீர்கள். அதில் தொழில் என்னவென்று போட்டிருக்கிறது? வெறும் வியாபாரம் என்று இருந்தால் இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு கிடைக்காது. நீங்கள் நண்டை வாங்கி அப்படியே விற்பவர் அல்ல, அவித்துப் பதப்படுத்துபவர். அது உற்பத்தி. தவறாக இருந்தால் இந்த வாரமே மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் திருத்துங்கள். திருத்தத்துக்கு முந்தைய பாக்கிக்கு உரிமை கேட்டால் வழக்கு இழுக்கும்.

வரம்பற்ற ஈட்டுறுதியையும் பாக்கியை நிறுத்திவைக்கும் நிபந்தனையையும் பேசிக் குறைக்க முடியும். ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் நீதிமன்றம் நியாயமான ஈட்டைத்தான் தரும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஆனால் அதை நம்பி, வரம்பற்ற ஈட்டுறுதியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட வேண்டாம். ஆங்கிலம் தெரியாது, படித்துக் காட்டவில்லை என்று பின்னால் சொல்வதும் எடுபடாது. ராமநாதபுரம் கடற்கரையில் தமிழில் தொழில் செய்பவருக்கு 19 பக்கம் ஆங்கிலத்தில் அனுப்பிப் பத்து நாள் கெடு வைப்பது எந்த ஊர் நெறிமுறை என்று எனக்கும் புரியவில்லை. தமிழ்ப்பிரதி கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சப்ளையரால் வரும் ஆபத்தைச் சமாளிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இப்படிக் கையெழுத்துகளை வாங்கிக் கோப்பில் அடுக்கும் நிறுவனம் எதையும் சமாளிக்கவில்லை. மாட்டினால் யாரைக் கைகாட்டுவது என்பதை மட்டும் ஏற்பாடு செய்துகொள்கிறது. உங்கள் கூடத்தின் குறைகளில் பாதிக்கு அவர்களுடைய 90 நாளும் அவர்கள் வைக்கும் விலையும் காரணம். பேச்சுவார்த்தையில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

என்ன எழுதி அனுப்புவது

முதலில் இரண்டு வரியில் ஒரு கடிதம், மின்னஞ்சலில்: நெறிமுறையை ஏற்க விரும்புகிறோம், தமிழ்ப்பிரதியும் 45 நாள் அவகாசமும் வேண்டும். அதிகாரிக்கு மட்டும் அனுப்பாமல் நிறுவனத்தின் பொது முகவரிக்கும் அனுப்புங்கள்.

அந்த அவகாசத்தில் உடனே நிறுத்த வேண்டியவற்றை நிறுத்திவிடுங்கள்: சிறுவர் வேலை, வண்டி இரவல், அந்த மூன்றாவது வியாபாரி, மாமூல். கூலிப் பதிவேடும் முன்பணச் சீட்டுகளும் அதே நாட்களில் தயாராகட்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவைத் தொடங்குங்கள். பழைய பாக்கி வரும், தொகை பயமுறுத்தும், ஆனால் தானாக வந்து பதிபவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் அலுவலகம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

பிறகு உறுதிமொழியை மூன்று மாற்றங்களோடு அனுப்புங்கள். ‘இன்றைய தேதியில்’ என்ற சொல் வேண்டும். பிறரைப் பற்றிய வரிகளில் ‘எனக்குத் தெரிந்தவரை, நான் விசாரித்தவரை’ என்று இருக்க வேண்டும். ஈட்டுறுதிக்கு உச்சவரம்பாக, பிரச்சினைக்குரிய அந்தச் சரக்கின் மதிப்பைப் போடுங்கள். இன்னும் முடியாதவற்றை ஓர் இணைப்பில் தேதியோடு எழுதுங்கள்: பி.எஃப். பதிவு இந்த மாதம், உள்குழு அடுத்த மாதம் என்று. தணிக்கைச் செலவு முதல் முறை அவர்களுடையது, பணம் 45 நாளில் வரவேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்துவிடுங்கள். ஒன்றாவது கிடைக்கும்.

எச்சரிக்கை ஒன்று. உண்மையை எழுதுங்கள் என்று சொன்னதை, கொடுத்த மாமூல் முதல் எல்லாவற்றையும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பு நடந்தவற்றில் குற்றமாகக் கூடியவை எவை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் மட்டும் பேசுங்கள். அவரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்துக்குக் கிடையாது. பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவு ஆனாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் அவர்கள் ஆர்டரை நிறுத்தலாம். அந்த ஆபத்து இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் சரக்கு தருவதுதான் உங்கள் தொழிலில் உள்ள பெரிய பலவீனம், அது இந்தத் தாள் வருவதற்கு முன்பும் இருந்தது. படகு வாரியான பதிவும் கூலிப் பதிவேடும் கையில் இருந்தால், அடுத்த ஏற்றுமதியாளரிடம் போய் நிற்க உங்களிடம் ஏதோ இருக்கும். இன்றைக்கு அதுகூட இல்லை.

கணவர் பெயரில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு மூன்றும் உங்கள் பெயரில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுப்பு உங்களைவிட்டு நகராது. உடம்புக்கு முடியாத ஒருவரைப் புதிதாக உள்ளே இழுத்ததுதான் மிச்சமாகும். அவர் தேறி மறுபடி கூடத்துக்கு வரும்போது, முறையாகக் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி உரிமங்களில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு அவசரமில்லை. மின்னஞ்சலுக்குத்தான் அவசரம், கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.